இந்திரா வீட்டுச் சீந்தில்

இந்திராவுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். டுரியான் ஒத்துக்கொள்ளும், ஆட்டுக்குழம்பு ஒத்துக்கொள்ளும், மத்தியான வெயிலில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துத் தூங்கினாலும் ஒத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவது இட்லியிலேயே வயிறு உப்பிவிடும். அவள் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. கிள்ளான் பக்கம் மேருவில் ஒரே தாமான் குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தே என் பாதி ஆயுசு போய்விட்டது. கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அவள்தான் வந்து நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எல்லாம் பந்திங்கில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. நான் கிள்ளானில் ரவிக்கை தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அன்று மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் போட்டிருந்தது என் கையால் தைத்தது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நடுவரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. பிறகு இந்திரா உள்ளே வந்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“என்னா இந்திரா, இப்படி மெலிஞ்சிட்ட! மக ஷர்மினிக்கு அக்கா மாதிரி இருக்கியே!”

“ஒன்னும் இல்லக்கா. வீட்டுக்குப் பின்னால சீந்தில் கிடக்கு இல்ல, அதக் கொதிக்க வச்சிக் குடிக்கிறேன், அவ்ளோதான் லா. சுகர் எல்லாம் கிட்டவே வராது.”

அவள் போட்டிருந்ததும் நான் தைத்த ரவிக்கைதான். அந்த வாரம்தான் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்திருந்தேன். ஒரு வருஷத்துக்குள் அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஊசியைக் குத்தும்போது என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சீந்தில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெற்றிலை மாதிரி இலை வைத்த கொடி. இங்கே வேலிகளில் படர்ந்திருப்பதற்குத் தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கும். மலாய்க்காரர்கள் பத்தாவாலி என்பார்கள். காய்ச்சலுக்கு, சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு என்று அவர்களும் குடிக்கிறார்கள், நாமும் குடிக்கிறோம். சிரங்கு கழுவவும் அந்தத் தண்ணீரை எடுப்பார்கள். வெட்டி வேலிமேல் வீசினாலும் சாகாது. நூல் மாதிரி வேரை இறக்கி மண்ணைத் தொட்டுவிடும். கசப்பைச் சொல்லி முடியாது. பாகற்காய் அதற்கு முன்னால் பாயசம்.

எனக்குச் சர்க்கரை கிடையாது. தைராய்டு மட்டும்தான், அதற்குப் பல வருஷமாக மாத்திரை போடுகிறேன். ஆகவே சீந்தில் எனக்கு எதற்கு என்று கேட்டால் பதில் நேரானது. எனக்கு இந்திராவின் இடுப்பு வேண்டும். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கேட்ட மறுநாளே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கொடுப்பதிலாவது கொஞ்சம் கஞ்சத்தனம் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. தினமும் காலையில் சுடச்சுடக் கொண்டுவந்து, என் அடுப்படி வாசலில் நின்று, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் எதிரில் முகம் சுளிக்க நான் என்ன மடச்சியா? கோப்பி குடிப்பது மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு, “இதுல என்னா கசப்பு இருக்கு?” என்பேன். அவள் போன பிறகு வாயில் ஒரு கரண்டிச் சீனியைக் கொட்டிக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கும் ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். துப்பிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

சில வாரங்களில் இடை குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாடு பிடிக்காமல் போனதால் குறைந்தது என்று தெரியவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தேன். உள்ளங்கை அரித்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. வெயில் சூடு என்று இளநீர் குடித்தேன். என் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவளேதான்.

“அக்கா, இங்க பாருங்க. ஐயோ, கண்ணு மஞ்சளா இருக்கு. காமாலைக்கா இது!”

“உன் கண்ணுல எதுவும் தப்பாதே.”

“சிரிக்காதீங்க. நாளையிலருந்து சாயந்தரமும் கொண்டாரேன். கல்லீரலுக்கு இதுதான் நல்லது.”

அவள் மனமாரச் சொன்னாள். நானும் மனமாரக் குடித்தேன். இரண்டு வேளையாயிற்று. அந்த வாரக் கடைசியில் படியேற முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் என்னைக் காரில் போட்டுக்கொண்டு கிள்ளானில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அவசரப் பிரிவில் நோயின் கடுமையைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிப்பார்கள். எனக்கு மஞ்சள் கிடைத்தது. பொருத்தம்தான். நாற்காலியில் காத்திருந்த நேரமெல்லாம் எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் உள்ளே போனவர்களைக் கண்ணால் எரித்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலா, டெங்கியா, ஹெபடைட்டிஸ் கிருமிகளா என்று வரிசையாகச் சோதித்தார்கள். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கிறதா என்று வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி என்று நினைத்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவர் முக்காடு போட்ட சின்ன வயது மலாய்ப் பெண். மலாயில் கேட்டார்.

“மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“தைராய்டு மாத்திரை.”

“ஜாமு? நாட்டு மருந்து?”

“இல்லை.”

நான் பொய் சொல்லவில்லை. என் மனசில் ஜாமு என்றால் இரவுச் சந்தையில் விற்கும் பொட்டலம். நாட்டு மருந்து என்றால் வைத்தியர் கொடுக்கும் உருண்டை. பின்வேலியில் வெட்டி அடுப்பில் கொதிக்க வைப்பதை எங்கள் வீடுகளில் யாரும் மருந்து என்று சொல்வதில்லை. மிளகு ரசத்தையும் ஓமத் தண்ணீரையும் யார் டாக்டரிடம் ஒப்பிக்கிறார்கள்? அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ‘இல்லை’க்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. அது மாக்சிக் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு வயதான மலாய்க்கார அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. அவருக்கும் மஞ்சள் காமாலைதான், பித்தக்கல்லால் வந்தது. கல்லை எடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்து ரத்தச் சோதனை எண்ணைச் சொல்வார்கள். மாக்சிக்குக்கு இறங்கிக்கொண்டே போகும். எனக்கு ஏறிக்கொண்டே போகும். மற்றவருடைய நகையைப் பார்த்தும் வீட்டைப் பார்த்தும் பொறாமைப்பட்டிருக்கிறேன். ரத்தச் சோதனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அங்கேதான்.

அந்த எண்களை நர்ஸ் மிஸி ஒருத்தர் எனக்குப் புரியும்படி சொன்னார். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய சில பொருள்கள், செல் உடைந்தால் ரத்தத்தில் கொட்டிவிடும். ரத்தத்தில் அவை கூடக்கூட உள்ளே உடைவது அதிகம் என்று அர்த்தம். பிலிருபின் என்பது பழைய ரத்த அணு அழியும்போது வரும் மஞ்சள் சாயம். கல்லீரல் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் கண்ணில் ஏறும், தோலில் ஏறும். அரிப்பும் அந்தத் தேக்கத்தால் வருவதுதான்.

அரித்து அரித்து நான் ரத்தம் வரச் சொறிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் மறுநாள் நகவெட்டி கொண்டுவந்தார். லோரியிலிருந்து இறங்கிய அதே அழுக்குச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்தை வெட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என் கையை அவ்வளவு நேரம் அவர் பிடித்ததில்லை. மாக்சிக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எண்ணெல்லாம் இறங்கினால் என்ன, நகம் வெட்ட அவருக்கு ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

இந்திரா இரண்டு வேளையும் வந்தாள். காலையில் தாமானிலிருந்து பஸ் பிடித்து, பார்வை நேரம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வருவாள். கையில் ஃபிளாஸ்க். ஊற்றி என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே நிற்பாள். வார்டே உருகிவிட்டது.

“உன் தங்கச்சியா? இந்தக் காலத்துல கூடப் பிறந்தவகூட இப்படிப் பார்க்க மாட்டா,” என்றார் மாக்சிக்.

ஓரகத்தி என்று நான் சொல்ல, அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நோயாளி நான். அனுதாபம் எனக்கு வர வேண்டும். அதையும் அவள் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கடுப்பில் கசப்பு இன்னும் கசந்தது. ஆனாலும் முகம் சுளிக்கவில்லை.

ஒருநாள் டாக்டர் என் வீட்டுக்காரரை வார்டு வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் என் தலையணையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததைச் சரிசெய்தார்.

“என்னங்க சொன்னாங்க?”

“ஒன்னும் இல்ல லா. ரத்தம் திரும்ப எடுக்கணுமாம்.”

அவருக்குப் பொய் வராது. நான் டாக்டரையே கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தயாரிப்பது கல்லீரல்தான். என் ரத்தம் உறைய நேரம் கூடுகிறது. அப்படியென்றால் கல்லீரல் வேலையை விட்டுக்கொண்டு வருகிறது. இன்னும் மோசமாகி, நினைவு தடுமாறினால் கோலாலம்பூரில் பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே போனால் மாற்றுக் கல்லீரல் பற்றியும் பேச வேண்டிவரலாம். ஏன் கெடுகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

செத்துப்போவேன் என்று முதல் தடவையாக நம்பினேன். என் மெஷினில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று ஊசியோடு கிடந்தது, அதை யாராவது எடுத்து வைத்தார்களா என்று நினைத்தேன். வீட்டுக்காரர் அரிசி களையக்கூடத் தெரியாதவர், என்ன செய்வார் என்று நினைத்தேன். அதற்கடுத்து என்ன நினைத்தேன் தெரியுமா? இந்திராவின் கல்லீரல் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நிச்சயமாகப் பளபளவென்று இருக்கும்.

மறுநாள் காலையில் வார்டு மருந்தாளுநர் வந்தார். கண்ணாடி போட்ட சீனப் பெண். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை என்னிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

“ஆன்டி, மருந்தைப் பத்தி நான் கேக்கல,” என்றார் மலாயில். “வீட்டுல காலையில எழுந்ததிலருந்து வாய்க்குள்ள என்னென்ன போகுது? தண்ணிகூட விடாம சொல்லுங்க.”

சொன்னேன். வெந்நீர், தைராய்டு மாத்திரை, இந்திரா கொண்டுவரும் தண்ணீர், கோப்பி…

“அது என்ன தண்ணி?”

“சும்மா தண்ணிதான். கொடியைக் கொதிக்க வச்சது. இங்கயும் குடிக்கிறேன்.”

“இங்கயுமா?”

கட்டிலோர அலமாரியில் முந்தின நாள் ஃபிளாஸ்க் இருந்தது. திறந்து மோந்து பார்த்தார். என்ன கொடி என்றார். பத்தாவாலி என்றேன். அவர் பேனா அப்படியே நின்றது. எப்போது ஆரம்பித்தீர்கள், எவ்வளவு, எத்தனை வேளை, எப்போது கண் மஞ்சளானது, அதற்குப் பிறகு கூடுதலாகக் குடித்தீர்களா என்று கேட்டார். கேட்கக் கேட்க எனக்கே புரிய ஆரம்பித்தது. எழுந்து நேராக டாக்டரிடம் போனார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரே வந்துவிட்டார். இந்தக் கொடியில் இரண்டு மூன்று வகை உண்டாம். தமிழ்நாட்டில் சீந்தில் என்பதும் இங்கே பத்தாவாலி என்பதும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே செடி இல்லை. இரண்டிலுமே சிலருக்குக் கல்லீரல் கெட்டது தெரிந்த விஷயம் என்றார். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்றார்.

நீங்கள் எதிர்பார்ப்பது, நான் அதிர்ந்துபோனேன் என்று எழுதுவதை. இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை வருஷத்தில் இந்திரா கை வைத்து ஒன்று தப்பாகப் போயிருக்கிறது! பார்வை நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அன்றைக்கென்று ஜெஞ்சாரோமிலிருந்து என் நாத்தனார் விசாலமும் வந்திருந்தார், என் வீட்டுக்காரரின் அக்கா. நல்லதாகப் போயிற்று, சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். இந்திரா மூடியைத் திருகும்போது சொன்னேன்.

“ஊத்தாத. என் ஈரல கெடுத்தது இதுதானாம். டாக்டர் சொல்லிட்டாங்க.”

இந்திரா ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் முழுவதையும் கொட்டி, ஃபிளாஸ்க்கை இரண்டு மூன்று தடவை அலசினாள். அலசிக்கொண்டே அழுதாள். நான் ஒத்திகை பார்த்ததில் இந்த இடம் இல்லை.

“பாவம் லா,” என்றார் விசாலம். “அவ நல்லதுக்குத்தானே செஞ்சா. நீதான் அளவு தெரியாம குடிச்சிருப்ப. அவளும் அதையேதான் குடிக்கிறா, அவளுக்கு ஏதாச்சும் ஆச்சா?”

மாக்சிக்கும் கட்டிலிலிருந்து இறங்கிப் போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஈரல் போனது எனக்கு. ஆறுதல் கிடைத்தது அவளுக்கு.

ஆனால் விசாலம் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே சட்டியில் கொதித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன்? டாக்டரிடம் கேட்டேன். என் தைராய்டு கெட்டதே, என் உடம்பின் காவல்படை என் உறுப்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கியதால்தானாம். அப்படிப்பட்ட உடம்பில் இந்தக் கொடி போய்ச் சீண்டினால், அதே காவல்படை கல்லீரலையும் தாக்கலாம் என்றார். அதை உறுதிசெய்ய, ரத்தம் உறைய மருந்து ஏற்றிவிட்டு, விலா எலும்புக்கு நடுவே ஊசி விட்டுக் கல்லீரலில் நூலளவு சதை எடுத்தார்கள். குத்தும்போது மூச்சை அடக்கச் சொன்னார்கள். பிறகு பல மணி நேரம் வலதுபக்கம் திரும்பியே படுத்துக் கிடந்தேன். முடிவு வந்ததும் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். அது அந்தக் காவல்படையை அடக்குவது.

எண் இறங்க ஆரம்பித்தது. முதல் நாள் இறங்கியபோது நம்பவில்லை. மறுநாளும் இறங்கியபோது வீட்டுக்காரர் மாக்சிக்குக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தார். ரத்தம் உறையும் நேரமும் திரும்பியது. மாக்சிக் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனார். ஜன்னலோரக் கட்டில் கடைசியில் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் கார் நிறுத்தும் இடம் மட்டும்தான் தெரிந்தது. இதற்கா அவ்வளவு எரிந்தோம் என்றிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் பெரிதில்லை. தீபாவளித் துணிகள்தான் வேறு கடைகளுக்குப் போய்விட்டன. இந்திரா வீட்டுக்காரர் கொடியை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டார். இந்திரா தினமும் வெறுங்கையோடு வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். ஸ்டீராய்டு என் முகத்தைப் பௌர்ணமி ஆக்கிவிட்டது. அவள் மட்டும் அதே ஒல்லி.

அதற்குப் பிறகு கோலாலம்பூரில் கல்லீரல் கிளினிக்குக்கு மாதாமாதம் போக வேண்டியிருந்தது. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நிறுத்திய பிறகு நோய் திரும்பினால் அது என் உடம்பிலேயே குடியிருக்கும் நோய், ஆயுசுக்கும் மாத்திரை. திரும்பாவிட்டால் எல்லாம் கொடி செய்த வேலை. மூன்றாவது தடவை வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. “நான் வரேன்கா,” என்றாள் இந்திரா.

கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். வழி முழுக்க அவள் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையை இன்னும் குறைத்தார். அந்தக் கொடியை வீட்டில் வேறு யார் குடித்தாலும் ரத்தம் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு அவளைப் பிடிக்காதுதான். அதற்காக அவள் ஈரல் கெட்டுப்போகட்டும் என்று விட முடியுமா?

“நீயும் ரத்தம் குடுத்துப் பாரு இந்திரா. கண்ணு மஞ்சளாகுற வரைக்கும் ஒன்னும் தெரியாது.”

“எனக்கு வேணாம்கா.”

“ஏன், உனக்கு எல்லாம் ஒத்துக்குமா?”

அவள் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

“நான் அதக் குடிச்சதே இல்லக்கா.”

எனக்குப் புரியவில்லை.

“முத வாரம் குடிச்சேன். கசப்பு தாங்கல, வாந்தி எடுத்தேன். விட்டுட்டேன். எனக்கு சுகர்கா. எக்கச்சக்கமா ஏறிடுச்சு. அதுலதான் அப்படி மெலிஞ்சேன். கிளினிக்ல மாத்திர எடுத்துக்கிட்டிருக்கேன், யாருக்கும் தெரியாது. கல்யாணத்துல அத்தன பேரு சுத்தி நின்னு கேட்டாங்க. ஷர்மினிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம். சுகர் குடும்பம்னு சொல்லிடுவாங்க. சட்டுனு வேலியில இருந்தத சொல்லிட்டேன்.”

“அப்புறம் எனக்கு ஏன்டி கொண்டாந்த?”

“நல்லதுன்னுதான்கா! கொடி நல்லதுதான், என் நாக்குதான் கெட்டதுன்னு நெனச்சேன். நீங்க கோப்பி மாதிரி குடிச்சிட்டு ‘இதுல என்னா கசப்பு’ன்னு கேட்டீங்க. தெனம் வாசல்ல நின்னு பாப்பேன். எனக்கு அவ்ளோ பொறாமையா இருந்துச்சுக்கா. இவங்களால முடியுது, நம்மால முடியலையேன்னு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே கவிழ்த்திருக்கலாம். மூன்று தடவை அந்த ரவிக்கையைப் பிடித்தவள் நான். அளவு எடுப்பதே என் தொழில். ஒரு பெண் அப்படி உருகினால் உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்க வேண்டும். நானோ அவளுடைய வியாதியைப் பார்த்து வயிறெரிந்து, அது எனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். அவளோ என் சீனிக்கரண்டி தெரியாமல் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. ஷர்மினி விஷயம் முடியட்டும்.”

சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பில்லை மட்டும் அவளைக் கொடுக்க வைத்தேன்.

ஸ்டீராய்டை நிறுத்தினார்கள். எண் ஏறவில்லை. அடுத்த மாதமும் ஏறவில்லை. கொடிதான் காரணம், இனி எந்த ரூபத்திலும் அது உங்கள் வாயில் படக் கூடாது, மறுபடி பட்டால் இதைவிட மோசமாக வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாத்தனாருக்கு அதைப் போனில் சொன்னேன். “அளவா குடிச்சா ஒன்னும் ஆகாது” என்றார்.

ஷர்மினிக்கு நிச்சயதார்த்தம் இந்திரா வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், விசாலம் ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“உங்க வேலியிலருந்து வெட்டிட்டுப் போனேனே இந்திரா, ஜெஞ்சாரோம்ல என் வேலி முழுக்க ஏறிடுச்சு. நாளையிலருந்து சுகர் மாத்திரைய விட்டுட்டு அதக் குடிக்கப் போறேன். உன்ன மாதிரி ஆகணும்.”

நகம் வெட்டிய கையும், ஊசி இறங்கிய விலாவும், கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்ற குரலும் ஒரு நொடியில் வந்து போயின. எதிரே சம்பந்தி வீட்டார். நான் பேசினால் இந்திராவின் ரகசியம் போய்விடும். பேசாவிட்டால் இந்தக் கிழம் போய்ச் சேர்ந்துவிடும். ரகசியம் போனால் போகட்டும் என்று எழுந்தேன். அதற்குள் இந்திரா முந்திக்கொண்டாள்.

“வேணாம் அண்ணி. நான் அதக் குடிக்கல. எனக்கு சுகர். கிளினிக் மாத்திரதான் சாப்பிடுறேன். மெலிஞ்சது வியாதியில. மாத்திரைய விட்டுடாதீங்க. கொடிய வெட்டிப் போட்டுடுங்க. அக்கா சாகக் கிடந்தாங்க.”

ஷர்மினி தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மா கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

“நானும் மாத்திரதான்மா. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. இதுல மறைக்க என்னா இருக்கு?” என்றார். பிறகு இந்திராவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நாலு பேரு முன்னால இப்படிச் சொல்ல எவ்ளோ தைரியம் வேணும்! இந்த வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்.”

அவ்வளவுதான். ஆளாளுக்கு இந்திராவைத்தான் பாராட்டினார்கள். விசாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தார். சாகக் கிடந்தவள் நான். ஊசி குத்திக்கொண்டவள் நான். எழுந்து நின்றதும் நான்தான். நின்றவள் நின்றபடியே இருந்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. வயிறு பழையபடி எரிந்தது. கல்லீரல் இல்லை, இது பழைய எரிச்சல்.

உட்கார்ந்தேன். இந்திரா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேர் இலையிலும் குலாப்ஜாமூன் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் தன்னுடையதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அதை எடுத்து என் இலையில் வைத்தாள்.

எனக்குச் சர்க்கரை இல்லை. ஸ்டீராய்டு நிறுத்திய பிறகும் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் முதலில் அவள் கொடுத்ததைத்தான் எடுத்தேன். அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, பாகையும் நக்கிச் சாப்பிட்டேன். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.